யெரெவானிலிருந்து ஒரு மிஸ்டு கால்

வாஸ்கெர்ட்.

உங்கள் அப்பாவின் ஊர்ப் பெயர் இது. இந்தக் கடிதத்தில் வேறு எது விட்டுப்போனாலும் இது விட்டுப்போகக் கூடாது என்று முதல் வார்த்தையாகவே வைத்துவிட்டேன். ஏன் என்று உங்களுக்குத் தெரியும். தெரியாதவர்களுக்குப் போகப்போகச் சொல்கிறேன்.

இன்று ஆகஸ்ட் நடுவில் வரும் ஞாயிற்றுக்கிழமை. ஷார்ஜாவில் ஞாயிறு வேலை நாள். நான் லீவு சொல்லிவிட்டு வீட்டில் உட்கார்ந்திருக்கிறேன். மேஜைமேல் ஒரு கிண்ணம் நிறையக் கறுப்புத் திராட்சை. நேற்று வாங்கிக் கழுவி வைத்தது. அந்த வாசனை ஏசிக் காற்றோடு அறை முழுக்கச் சுற்றுகிறது. பக்கத்தில் செல்போன். சார்ஜ் ஏற்றி, சத்தத்தைக் கூட்டி வைத்திருக்கிறேன். அது அடிக்காது என்று தெரியும். நீங்கள் மார்ச் மாதமே போய்விட்டீர்கள். போனவர்கள் மிஸ்டு கால் கொடுக்க மாட்டார்கள் என்பதுகூடப் புரியாத மடச்சி இல்லை நான். இருந்தாலும் இன்னும் ஒரு பழத்தைத் தொடவில்லை. கையைக் கட்டிக்கொண்டு கிண்ணத்தையே பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

நாம் பேசிக்கொண்டது ஆங்கிலத்தில். ஆனால் நினைவில் வரும்போது எல்லாம் தமிழாகவே வருகிறது. எழுதும்போது 'நீங்கள்' தானாக வந்துவிடுகிறது. சண்டை போட்ட இடங்களில் மட்டும் 'நீ' வரப்பார்க்கிறது. அடக்கிக்கொள்கிறேன். என்னை நீங்கள் ஒருநாளும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. 'மெட்ராஸ்' என்பீர்கள். ஒரு ஊரையே தூக்கி என் தலையில் வைத்துவிட்டு, அதை நான் ஒழுங்காகச் சுமக்கிறேனா என்று வேறு பார்த்துக்கொண்டிருப்பீர்கள்.

முதல் நாளே நமக்கு ஆகவில்லை. துபாயில் அந்த ஆங்கில நாளிதழில் நான் கட்டுரைப் பிரிவில் நிருபர். நீங்கள் பக்கம் அமைப்பவர். நாங்கள் எழுதுவோம், நீங்கள் வெட்டுவீர்கள். இடம் பற்றாவிட்டால் செய்தியை அடியிலிருந்துதான் வெட்டுவார்கள். அதனால் முக்கியமானதை மேலே வை, போனாலும் பரவாயில்லை என்பதைக் கீழே வை. எங்கள் தொழிலில் அரிச்சுவடி இது. எனக்கு அது ஏறவே ஏறாது. நல்லதைக் கடைசிக்கு வைப்பேன், விருந்தில் பாயசம் மாதிரி. என் முதல் கட்டுரை அச்சில் வந்தபோது பாயசத்தைக் காணோம். நேரே உங்கள் மேஜைக்கு வந்தேன்.

"கடைசி பாரா எங்க போச்சு?"

நீங்கள் திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "உன் கடைசி பாரா அழுதுக்கிட்டு இருந்துச்சு. நான் கண்ணைத் துடைச்சு விட்டேன்."

எனக்கு வந்த கோபத்துக்கு அளவே இல்லை. இந்தம்மா யார் என்று விசாரித்தேன். அலெப்போவில் பிறந்த ஆர்மேனியப் பெண்மணி, கல்யாணம் செய்துகொள்ளாதவர், சிகரெட் பிடிப்பார், யாரிடமும் ஒட்டமாட்டார் என்றார்கள். அப்புறம்தான் தெரிந்தது, நாம் இருவரும் ஷார்ஜாவில் ஒரே தெருவில் குடியிருக்கிறோம், ஆபீஸ் வேனில் ஒரே சீட்டில்தான் இனி தினமும் போக வேண்டும் என்று. தலையெழுத்து என்று நினைத்துக்கொண்டேன்.

வேன் ஓட்டியது முருகேசன். பெரம்பலூர்க்காரன். காலையில் ஹார்ன் அடித்து, "யல்லா மேடம், யல்லா அக்கா, டிராஃபிக் ஆயிடும்" என்பான். என்ன அவசரப்பட்டாலும் ஷார்ஜா - துபாய் சாலை எங்களை விழுங்கி, மென்று, மெதுவாகத்தான் துப்பும். அந்தச் சாலைக்குத்தான் நான் நன்றி சொல்ல வேண்டும். நெரிசல் இல்லாமல் இருந்திருந்தால் நாம் கடைசிவரை பேசாமலே இருந்திருப்போம்.

கொஞ்சம் கொஞ்சமாகத்தான் பேசினீர்கள். அலெப்போவில் உங்கள் அப்பா செருப்புத் தைத்தார். நீங்கள் பெய்ரூட்டுக்குப் போய் ஒரு ஆர்மேனிய அச்சகத்தில் எழுத்துக் கோக்கக் கற்றுக்கொண்டீர்கள். அங்கே உள்நாட்டுப் போர். ஒரு பெட்டியோடு குவைத். அங்கே ஈராக் படை நுழைந்தது. மறுபடியும் ஒரு பெட்டியோடு ஷார்ஜா. "ஒவ்வொரு தடவையும் பெட்டி சின்னதாயிட்டே வருது, மெட்ராஸ்" என்றீர்கள். சிரித்துக்கொண்டேதான் சொன்னீர்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. கல்யாணம் ஆகி அது முடிந்தும் போய், சைதாப்பேட்டையில் அம்மா வீட்டில் கிடந்து எல்லோர் வாய்க்கும் அவலாக இருக்கப் பிடிக்காமல் இங்கே ஓடிவந்தவள் நான். எனக்காவது திரும்ப ஒரு சைதாப்பேட்டை இருந்தது.

அந்த ஜூலை மாதக் காலை. வேனில் ஏசி சரியாக வேலை செய்யவில்லை. முருகேசன் தேரா பழ மார்க்கெட்டில் மலிவாக வாங்கியதாகச் சொல்லி ஒரு பை திராட்சையைப் பின்னால் நீட்டினான். "ஈரான் திராட்சைக்கா, சக்கரைதான். மேடத்துக்கும் குடுங்க."

நான் ஒன்றைப் பிய்த்து வாய்க்குக் கொண்டுபோனேன். சுளீரென்று என் புறங்கையில் ஒரு அடி. பழம் தெறித்து சீட்டுக்கு அடியில் உருண்டது. அடித்தது நீங்கள்.

"உங்களுக்கென்ன பைத்தியமா?" என்று கத்தினேன். தமிழில்தான் கத்தினேன் என்று நினைக்கிறேன். முருகேசன் பயந்துபோய் பிரேக் போட்டுவிட்டான்.

நீங்கள் உங்கள் கையையே பார்த்துக்கொண்டிருந்தீர்கள், அது வேறு யாருடையதோ மாதிரி. "மன்னிச்சுக்கோ. நான் அடிக்கலை. கை அடிச்சிடுச்சு" என்றீர்கள். முன்னால் பத்து லாரிகள் அசையாமல் நின்றன.

பிறகு சொன்னீர்கள். ஆர்மேனியர்கள் ஆகஸ்ட் நடுவில் வரும் மாதா திருநாள் வரைக்கும் அந்த வருடத்துத் திராட்சையைத் தொட மாட்டார்கள். கோயிலில் கூடைகூடையாக வைத்து, பாதிரியார் ஆசீர்வதித்த பிறகுதான் முதல் பழம் வாய்க்குப் போகும். உங்கள் அப்பா சின்னப் பிள்ளையாக இருந்தபோது வாசல் கொடியில் காய்த்த திராட்சையைத் திருட்டுத்தனமாகப் பறித்தார். அவர் அம்மா புறங்கையில் ஒன்று வைத்தார். அடுத்த வருடம் அந்தக் கொடி காய்த்ததா என்று அவருக்குத் தெரியாது. 1915-ல் ஆர்மேனியர்கள் என்பதற்காகவே பட்டாளத்தார் ஊரையே காலி செய்து பாலைவனத்துக்கு நடத்திக்கொண்டு போனார்கள். வழியில் அம்மா இறந்துபோனார். பையன் எப்படியோ அலெப்போவில் ஒரு அநாதை இல்லத்துக்கு வந்து சேர்ந்தான். குடும்பப் பெயர் கேட்டார்கள், தெரியவில்லை. வரிசையில் முன்னால் நின்ற பையனின் குடும்பப் பெயரையே இவனுக்கும் எழுதிவிட்டார்கள்.

"அம்மா முகம் ஞாபகம் இல்லையாம். குரல் ஞாபகம் இல்லை. பேர்கூடத் தெரியாது, அம்மான்னுதான் தெரியும். அந்த அடி மட்டும் ஞாபகம் இருந்துச்சு. அப்புறம் ஊர் பேர். எங்கப்பாகிட்ட இருந்த சொத்து அந்த ரெண்டுதான். நான் சின்னவளா இருக்கும்போது ஜூலைல ஒரு பழத்தை எடுத்தேன். எனக்கும் விழுந்துச்சு, இதே இடத்துல."

முருகேசன் கண்ணாடி வழியாகப் பார்த்துக்கொண்டே இருந்தான். "என்னக்கா சொல்றாங்க? மேடம் ஏன் அழுவுறாங்க?" நீங்கள் அழவில்லை என்றுதான் நான் நினைத்துக்கொண்டிருந்தேன். அவனுக்கு எல்லாவற்றையும் தமிழில் சொன்னேன். அவன் பையை வாங்கி முடிச்சுப் போட்டான்.

"சாமிக்குப் படைக்காம வாயில வைக்கக் கூடாதுங்கிறாங்க, அவ்ளோதானேக்கா? இதுக்கு எதுக்கு மேடம் மன்னிப்பெல்லாம் கேக்குறாங்க? படைக்கிற அன்னிக்குச் சொல்லச் சொல்லுங்க, நானும் சாப்புடல."

அதை உங்களுக்கு ஆங்கிலத்தில் சொன்னேன். நீங்கள் எட்டி அவன் தோளைத் தட்டினீர்கள். "முருகேஸ், குட்" என்றீர்கள். பெயரில் பாதியை வெட்டாமல் உங்களால் இருக்க முடியாது.

அப்போதுதான் எடிட்டர் அமீரகத்தில் வாழும் சின்னச் சின்னச் சமூகங்களைப் பற்றி வாரம் ஒரு பக்கம் ஆரம்பித்தார். ஆர்மேனியர்களை நான் எழுதுகிறேன் என்று கேட்டு வாங்கினேன். உங்களிடம் சொன்னபோது முகத்தைத் திருப்பிக்கொண்டீர்கள். "நாங்க என்ன மியூசியமா?"

நான் விடவில்லை. நானும் மெட்ராஸ்காரி இல்லையா? உலகத்திலேயே ஆர்மேனிய மொழியில் முதல் பத்திரிகை அச்சானது எங்கள் ஊரில்தான் என்று சொன்னேன். ஒரு பாதிரியார் நடத்தினார். அவர் கல்லறை இன்னும் அந்த ஆர்மேனியக் கோயிலில் இருக்கிறது. கோயில் இருக்கும் ஆர்மேனியன் தெருவை நாங்கள் தமிழில் அரண்மனைக்காரன் தெரு ஆக்கிவிட்டோம், அங்கே அரண்மனை ஒன்றும் கிடையாது என்றேன். சைதாப்பேட்டையில் நான் பள்ளிக்கூடத்துக்குத் தாண்டிப் போன ஆற்றின் மேல் முதன்முதலில் பாலம் கட்டியவரே ஒரு ஆர்மேனிய வியாபாரி என்றேன். நீங்கள் சிகரெட்டைப் பற்றவைக்க மறந்து கேட்டுக்கொண்டிருந்தீர்கள்.

"முதல் பத்திரிகையா? மெட்ராஸ்லயா? எழுத்துக் கோத்தது யாரு?"

"யாருக்குத் தெரியும். எங்க ஊர் ஆள் யாராவதுகூட இருக்கலாம்."

"அப்ப நிச்சயமா கடைசி பாரா நீளமா இருந்திருக்கும்" என்றீர்கள். அப்படிச் சிரித்து அதற்கு முன்னால் நான் உங்களைப் பார்த்ததில்லை.

அந்த வருடம் லீவில் போனபோது அங்கே போய் உங்களுக்காகப் போட்டோ எடுத்து வந்தேன். தரையெல்லாம் கல்லறைக் கற்கள், மேலே உங்கள் எழுத்து. "எங்க ஆள் யாராவது இருக்காங்களா அங்க?" என்று கேட்டீர்கள். "தரைக்குக் கீழ நிறைய பேர் இருக்காங்க. மேல வாட்ச்மேன் ஒருத்தர்தான், அவர் தமிழர்" என்றேன். போட்டோவை உங்கள் கம்ப்யூட்டர் ஓரத்தில் ஒட்டிவைத்தீர்கள்.

அடுத்த ஜூலையில்தான் ஒருநாள் வேனில் நீங்களாகவே சொன்னீர்கள். "எழுது. எனக்கு ஒண்ணே ஒண்ணு வேணும். உலகத்துல இருக்குற எல்லா ஊர் பேரும் என் கை வழியா பக்கத்துல போயிருக்கு. எரிஞ்ச ஊர், வெள்ளம் வந்த ஊர், கிரிக்கெட் ஆடுன ஊர். எங்கப்பா ஊர் பேர் மட்டும் வந்ததில்லை. மேப்ல தேடாதே, பேரை மாத்திட்டாங்க. ஒரு தடவை அச்சுல பாக்கணும். நான் போறதுக்குள்ள."

போறது என்று நீங்கள் சொன்னது சாவை இல்லை. உங்களுக்கு அந்த வருடம் அறுபது முடிந்தது. அறுபது தாண்டினால் இங்கே விசாவைப் புதுப்பிப்பது குதிரைக்கொம்பு. ஆகஸ்ட் கடைசியில் கேன்சல் என்று ஆபீஸில் சொல்லிவிட்டார்கள்.

நடந்ததை இனப்படுகொலை என்று சொல்ல இன்னும் பல அரசாங்கங்கள் வாய் திறப்பதில்லை. அந்தச் சொல்லைப் போட்டே தீர வேண்டும் என்று நான் எடிட்டரிடம் மல்லுக்கட்டத் தயாரானேன். நீங்கள்தான் தடுத்தீர்கள். "அந்தச் சொல்லுக்குச் சண்டை போட ஆயிரம் பேர் இருக்காங்க, மெட்ராஸ். எனக்கு ஊர் பேர் போதும். ஊர் இருந்துச்சுன்னா அதுல ஆள் இருந்தாங்கன்னுதானே அர்த்தம்?"

எழுதினேன். ஷார்ஜாவில் இருக்கும் உங்கள் தேவாலயம், வெள்ளிக்கிழமை வகுப்பில் ஆர்மேனிய எழுத்துப் படிக்கும் பிள்ளைகளின் பெயர்கள், லெபனானிலிருந்து வந்த நகைக்கடைக்காரர், யெரெவானிலிருந்து வந்து பார்லரில் வேலை செய்யும் பெண்கள். எல்லாம் மேலே. கடைசியில் அந்த வாசல் கொடி, அந்த அடி, வாஸ்கெர்ட். பாயசம். என்னால் அதை வேறு எங்கேயும் வைக்க முடியவில்லை. அதற்குமேல் எதை எழுதினாலும் சப்பென்று இருந்தது.

பக்கம் முடிகிற அன்று மத்தியானம் நான் ஜெபல் அலிக்கு வேறு ஒரு செய்திக்காகப் போயிருந்தேன். மறுநாள் வேனில் ஏறி ஆசையாகப் பேப்பரைப் பிரித்தேன். பக்கத்தின் அடியில் பட்டையாக ஒரு செல்போன் விளம்பரம். கட்டுரை பிள்ளைகளோடு முடிந்துபோயிருந்தது. கொடி இல்லை. அடி இல்லை. வாஸ்கெர்ட் இல்லை.

"யார் வெட்டினது?" என்றேன். நீங்கள் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தீர்கள்.

"நான்தான். விளம்பரம் லேட்டா வந்துச்சு."

"உங்க அப்பாவை நீங்களே வெட்டினீங்களா? பிள்ளைங்க பாராவை வெட்டியிருக்கலாமே! நகைக்கடையை வெட்டியிருக்கலாமே!"

"அந்தப் பிள்ளைங்க இங்க வளரணும். அதுங்க பேர் முதல் தடவையா பேப்பர்ல வருது. ஊர் பூரா தேடி வாங்கி வச்சிருப்பாங்க. எங்கப்பா கோவிச்சுக்க மாட்டார்." பிறகு என் பக்கம் திரும்பி, "உன்கிட்ட எத்தனை தடவை சொன்னேன், முக்கியமானதைக் கடைசில வைக்காதேன்னு?" என்றீர்கள்.

அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. இப்போதும் பொறுக்கவில்லை. வெட்டியது நீங்கள், திட்டு எனக்கா? இன்றைக்கும் இதற்குச் சண்டை போடத் தயாராகத்தான் இருக்கிறேன், எதிரில் உட்கார ஆள்தான் இல்லை. அன்று இறங்கும்வரை பேசவில்லை. அதற்கப்புறமும் பேசவில்லை. ஒரே சீட்டில் இரண்டு மூலையில் உட்கார்ந்து போனோம். முருகேசன் பாவம், இரண்டு பக்கமும் பார்த்துவிட்டு ரேடியோவைப் போட்டுவிடுவான்.

தூது வந்தவனும் அவன்தான். "அக்கா, வர்ற வெள்ளிக்கிழமை மேடம் சர்ச்ல திராட்சை படைக்கிறாங்களாம். மார்க்கெட்லேர்ந்து பெட்டியெல்லாம் நான்தான் ஏத்திட்டுப் போறேன். உங்களையும் வரச் சொன்னாங்க. வரலைன்னா வந்து தூக்கிட்டுப் போகச் சொன்னாங்க. எனக்கு எதுக்குக்கா வம்பு, நீங்களே வந்துடுங்க."

வளைகுடாவில் தேவாலயங்களுக்கு வெள்ளிதான் ஞாயிறு. லீவு இருக்கும் நாளில்தானே சாமி கும்பிட முடியும். உங்களுக்கு அதில் ஒரு நக்கல்: "கடவுளும் இங்க விசாலதான் இருக்கார். கஃபீல் சொல்ற நாள்லதான் அவருக்கு டூட்டி." கஃபீல் என்றால் இங்கே நமக்கு விசா கொடுத்து வைத்திருக்கும் முதலாளி.

பெட்டி பெட்டியாகத் திராட்சை. பாதிரியார் பாடினார், தண்ணீர் தெளித்தார், சிலுவை போட்டார். நான் ஒரு சொல்லும் புரியாமல் பின்னால் நின்றேன். முடிந்ததும் எல்லோரும் முற்றத்துக்கு வந்தார்கள். ஒரு அம்மா தன் மகளை இழுத்துக்கொண்டு உங்களிடம் வந்தாள். கையில் என் கட்டுரை. வெட்டி எடுத்து பிளாஸ்டிக் உறை போட்டிருந்தாள். அந்தப் பெண் குழந்தை தன் பெயர் மேல் விரலை வைத்து உங்களுக்குக் காட்டியது. நீங்கள் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, உங்களுக்குத் தெரியாததை முதல் தடவை பார்ப்பது மாதிரி, அதைச் சத்தமாகப் படித்தீர்கள். பிறகு தலையைத் தூக்கி என்னைப் பார்த்தீர்கள். நான் கீழே பார்த்தேன்.

ஒரு கொத்தை எடுத்து முதலில் முருகேசன் கையில் கொடுத்தீர்கள். அவன் செருப்பைக் கழற்றிவிட்டு இரண்டு கையாலும் வாங்கினான். பிறகு என்னிடம் வந்தீர்கள். என் வலது கையைப் பிடித்துத் திருப்பி, புறங்கையில் அன்று அடித்த இடத்தைத் தடவிக்கொடுத்துவிட்டு, உள்ளங்கையில் ஒரு பழத்தை வைத்தீர்கள்.

"கலாஸ். சாப்பிடு" என்றீர்கள். கலாஸ் என்றால் ஆச்சு, முடிஞ்சது. இந்த மண்ணுக்கு வந்த எல்லோர் வாயிலும் புழங்கும் அரபிச் சொல். சாப்பிட்டேன். இனிப்பாகத்தான் இருந்தது. கோபமும் அத்தோடு கலாஸ் ஆகிவிட்டது, முக்கால்வாசி.

பத்து நாளில் கிளம்பிவிட்டீர்கள். அலெப்போவில் அண்ணன் இறந்து வீடும் கைமாறிவிட்டது. "யெரெவானுக்குப் போறேன். தாய்நாடு. இதுவரைக்கும் ஒரு தடவைகூடப் பார்த்ததில்லை" என்றீர்கள். ஏர்போர்ட்டில் உங்கள் பெட்டியைத் தூக்கிய முருகேசன், "என்ன மேடம், வெயிட்டே இல்ல?" என்றான். அவனுக்கு நான் மொழிபெயர்க்கவில்லை. மெட்ராஸ் கோயில் போட்டோ அதற்குள் இருக்கிறது என்று மட்டும் எனக்குத் தெரியும்.

அங்கே போய் ஒருமுறை நீண்ட நேரம் பேசினீர்கள். காய்கறிக் கடைக்காரன் உங்கள் ஆர்மேனியத்தைக் கேட்டுவிட்டு, 'அம்மா, நீங்க எந்த நாடு?' என்றானாம். "எல்லா ஊர்லயும் என்னை ஆர்மேனியாக்காரின்னாங்க, மெட்ராஸ். ஆர்மேனியாவுல வந்து அரபுக்காரின்னு சொல்றாங்க." அன்று போனை வைத்த பிறகு எனக்கு மனசு ஆறவில்லை. உங்களுக்காகவா எனக்காகவா என்று தெரியவில்லை.

அப்புறம் வந்ததெல்லாம் மிஸ்டு கால்தான். ஆகஸ்ட் ஞாயிறு, பூசை முடிந்ததும் இரண்டு ரிங். கட். கலாஸ், சாப்பிடு என்று அர்த்தம். இங்கே வெள்ளிக்கிழமையே ஆசீர்வாதம் ஆகியிருக்கும். ஆனால் "வெள்ளிக்கிழமைத் திராட்சை செல்லாது, நான் சொல்ற வரைக்கும் தொடாதே" என்று உத்தரவு. முருகேசன் நல்ல சம்பளம் என்று சவூதிக்குப் போய்விட்டான், ஜுபைலில் தொழிற்சாலை ஆட்களை ஏற்றும் பஸ் ஓட்டுகிறான், கேம்பில் தங்கியிருக்கிறான். அங்கே கோயிலுமில்லை, சர்ச்சுமில்லை. அவன் சாப்பிட வேண்டுமென்றால் யெரெவானிலிருந்து உத்தரவு வர வேண்டும். உங்கள் இரண்டு ரிங் வந்ததும் நான் அவனுக்கு இரண்டு ரிங் விடுவேன். கட். ஒருத்தர் குரலை ஒருத்தர் கேட்காமலே மூன்று ஊரில் மூன்று பேர் ஒரே நேரத்தில் திராட்சை தின்றோம்.

மார்ச்சில் ஒரு நாள் யெரெவான் எண்ணிலிருந்து ரிங் வந்தது. இரண்டோடு நிற்கவில்லை. ஆகஸ்ட் இல்லாத மாதத்தில் ஏன் என்று எடுத்தேன். உங்கள் கீழ்வீட்டுப் பெண். அரைகுறை ஆங்கிலம். தூக்கத்திலேயே போய்விட்டீர்களாம். என் எண் சுவரில் எழுதியிருந்ததாம். 'நீங்க உறவா?' என்று கேட்டாள். என்ன சொல்வது? "கூட வேலை பார்த்தவ" என்றேன். அப்படிச் சொன்னதற்காக இன்னும் என்னையே திட்டிக்கொண்டிருக்கிறேன்.

அடுத்த இரண்டு மாதத்தில் வன்னியிலிருந்து கடைசிப் போரின் படங்கள் வந்தன. ஆபீஸ் டிவியில் பார்த்துக்கொண்டே நின்றேன். அந்த ஊர்ப் பெயர்கள் எனக்குத் தெரிந்த பெயர்கள், என் மொழியில் இருக்கிற பெயர்கள். எங்கள் பக்கத்தில் அவற்றில் எது அச்சேறியது, எது விளம்பரத்துக்காக அடியில் வெட்டுப்பட்டது என்று நான் பார்த்தேன். அந்த நாட்களில் யாரிடமாவது பேச வேண்டும் என்றால் அது நீங்கள்தான். இருந்திருந்தால் ஒன்றும் சொல்லியிருக்க மாட்டீர்கள். சிகரெட் பிடித்துக்கொண்டு பக்கத்தில் நின்றிருப்பீர்கள். அது போதுமாயிருந்திருக்கும்.

ஊரெங்கும் வேலை போகிறது, இப்போது ஆபீஸில் பாதி மேஜை காலி. என்னோடு தங்கியிருந்த நர்ஸுகளும் ஊருக்குத் திரும்பிவிட்டார்கள். தனியாக இருக்கிறது. சுற்றி வளைத்துச் சொல்ல என்ன இருக்கிறது, தனியாக இருக்கிறது.

இதுவரை எழுதிவிட்டு நிறுத்தினேன். மத்தியானம் ஆகிவிட்டது. நீங்கள் போனதை முருகேசனிடம் நான் சொல்லவில்லை. போனில் சொல்ல மனம் வரவில்லை. அவன் ஜுபைலில் திராட்சையை வைத்துக்கொண்டு என் இரண்டு ரிங்குக்காகக் காத்திருப்பான். சரி, அவனாவது சாப்பிடட்டும் என்று அவன் எண்ணை அழுத்தினேன். ஒன்று. இரண்டு. கட் செய்ய வேண்டும். விரல் போகவில்லை. மூன்று, நான்கு என்று போய்க்கொண்டே இருந்தது.

"அலோ, அக்கா? என்னக்கா கட் பண்ணலையே. டூட்டிலதான் இருக்கேன், பரவால்ல, சொல்லுங்க. மேடம் விட்டுட்டாங்களா ரிங்கு?"

"இல்ல முருகேசா."

"இன்னும் பூசை முடியல போலருக்கு. சரி, வெயிட் பண்ணுவோம்."

"மேடம் இல்ல, முருகேசா. மார்ச்லயே போயிட்டாங்க. உன்கிட்ட சொல்லல."

அந்தப் பக்கம் பஸ் இன்ஜின் சத்தம் மட்டும் கேட்டது. பிறகு அவன் அதை அணைத்தான்.

"அன்னிக்கு மேடம் உங்க கையில அடிச்சப்ப எனக்கே விழுந்த மாதிரி வண்டிய நிறுத்துனேன்க்கா" என்றான். "யாருமே இல்லாம போயிட்டாங்களா?"

"ஆமா."

"நீங்க சாப்டீங்களா, திராட்சை?"

"இல்ல. யாரு சொல்றது?"

அவன் யோசித்தான். எனக்குப் போனை வைத்துவிடலாம் போலிருந்தது. அப்போது சொன்னான்:

"நான் சொல்றேன்க்கா. எனக்கு மேடம் கையால மொதல்ல குடுத்தாங்கல்ல. கலாஸ். சாப்புடுங்க."

போனைக் காதில் வைத்துக்கொண்டே ஒரு பழத்தை எடுத்தேன். புறங்கை ஒரு நொடி கூசியது, அடி விழும் என்று. விழவில்லை. வாயில் போட்டுக்கொண்டேன். அந்தப் பக்கம் அவனும் தின்கிற சத்தம் கேட்டது. அடுத்த வருடமும் நான் பழத்தை எடுக்கப்போகும்போது இந்தக் கை கூசத்தான் செய்யும். உங்கள் அப்பாவின் அம்மா போட்ட அடி, அவர் முகம் தெரியாத சைதாப்பேட்டைக்காரி கையில் இருக்கிறது. அது என்னோடு இருக்கட்டும்.

உங்கள் அப்பாவின் ஊர் வாஸ்கெர்ட். மேலே ஒருமுறை வைத்தேன், கடைசியிலும் வைக்கிறேன். வெட்டுவதற்கு நீங்கள் இல்லை.